கல்வித் தளம் இலவசம், காணொளிக்குக் கட்டணமா?

ஆசிரியருக்கு,

வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளிப் பாடம் ஒரு மணி நேரத்தில் 450 மெகாபைட்டைத் தின்றுவிடும். அதையே 64 கிலோபிட் ஒலிப்பதிவாகக் கொடுத்தால் 29 மெகாபைட்தான். ரீசார்ஜா, மளிகையா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு இது பெரிய வித்தியாசம். கல்வித் தளத்தைப் பார்க்க டேட்டா கட்டணமில்லை என்ற அறிவிப்பிலும் ஓர் ஓட்டை உண்டு. பக்கம் இலவசம், அதில் பதித்த காணொளி கட்டணமில்லாப் பட்டியலில் சேராத வேறு முகவரியிலிருந்து வந்தால் டேட்டா கழிந்துகொண்டே இருக்கும். பெற்றோருக்கு இது தெரிவதே இல்லை. காணொளியையும் கட்டணமில்லாத அதே முகவரியிலிருந்து தர வேண்டும். பள்ளி வைஃபையில் இறக்கிக்கொண்டு வீட்டில் பார்க்கவும் வழி வேண்டும். ஒரே போன், இரண்டு பிள்ளைகள் என்றால் நேரலை வகுப்பை ஒரு பிள்ளை தவறவிட்டே ஆக வேண்டும். வருகைப் பதிவை நேரலையோடு முடிச்சுப் போடுவது அநியாயம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்