மைதானத்தில் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன். வீட்டுச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகள் எண்ணெய்ப் பலகாரமாகத் தின்கிறார்கள் என்றும், விளையாட்டு என்றால் ஒதுங்கிப் போகிறார்கள் என்றும் பெற்றோர் கூட்டங்களில் ஆண்டுதோறும் கேட்கிறேன். இரண்டும் உண்மைதான். ஆனால் நாக்கு ருசியையும் செல்போனையும் சோம்பலையும் காரணமாகச் சொல்பவர்கள், அந்தப் பிள்ளை முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கியது என்று மட்டும் கேட்பதேயில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதம்.

சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பத்தாம் வகுப்பில் 400 மீட்டர் ஓட்டத்தில் மாவட்டப் போட்டி வரை சென்றவன், விளையாட்டுப் பாடவேளையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தான். சோம்பல் என்று நினைத்து, மைதானத்தை மூன்று சுற்று ஓடச் சொன்னேன். ஒன்றரைச் சுற்றிலேயே முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றுவிட்டான். அருகில் போய் விசாரித்த பிறகுதான், ஏழு மணிச் சிறப்பு வகுப்புக்காக அவன் நாலே முக்காலுக்கு எழுந்து பேருந்து பிடிப்பதும், மாலை வகுப்பும் டியூஷனும் முடிந்து வீடு சேர இரவு ஒன்பதரை ஆவதும், படித்து முடித்துப் படுக்கும்போது பன்னிரண்டரை தாண்டிவிடுவதும் தெரிந்தது. நாள்தோறும் நாலு மணி நேரத் தூக்கம். நான் கொடுத்த தண்டனை தவறு என்பதை அவனிடமே சொன்னேன்.

அதன்பின் அந்த வகுப்பில் விருப்பமுள்ளவர்களை, படுத்த நேரம், எழுந்த நேரம், சாப்பிட்டவை ஆகியவற்றை ஒரு வாரம் குறித்துவரச் சொன்னேன். அந்த மாணவனின் புதன்கிழமைக் குறிப்பு என் மேசையில் இன்னும் இருக்கிறது. காலையில் வெறும் தேநீர். இடைவேளையில் இரண்டு சமோசா, ஒரு பப்ஸ். மதியம் டிபன் பாக்ஸில் பாதி. மாலை ஐந்தரைக்குப் பரோட்டா. இரவு பதினொன்றே காலுக்கு ஒரு பொட்டலம் காராச்சேவும் காபியும், பன்னிரண்டு மணிக்கு பிஸ்கட். மற்றவர்களின் தாள்களிலும் பண்டங்களின் பெயர் மாறியதே தவிர, காலையில் பசியின்மையும் நள்ளிரவில் பசியும் மாறவில்லை.

இதற்கு உடலில் காரணம் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரமும், வேறு இரண்டு இரவுகள் 10 மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்து ஒப்பிட்டார்கள். தூக்கம் குறைந்தபோது, போதும் என்று மூளைக்கு உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. இனிப்பு, உப்பு நொறுக்குத்தீனி, மாவுப் பண்டம் ஆகியவற்றின் மீதுதான் அவர்களுடைய நாட்டம் மிகுதியாக ஏறியது. சமோசாக் கடையை நோக்கி ஓடும் பிள்ளையைத் திட்டுமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உடற்கல்வி ஆசிரியரான என்னை அதைவிடவும் உலுக்கியது, அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2012இல் வந்த மற்றோர் ஆய்வு. பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உள்ள 18 பேரை ஒரு வாரம் எட்டரை மணி நேரமும் ஒரு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்து, அவர்களுடைய அன்றாட அசைவைக் கருவி கொண்டு அளந்தார்கள். தூக்கம் குறைந்த வாரத்தில் அசைவு 31 சதவீதம் குறைந்தது. நடக்காதே, ஓடாதே என்று அவர்களை யாரும் தடுக்கவில்லை. உடல் தானாகவே ஒடுங்கிக்கொண்டது. அதிலும் வழக்கமாக உடற்பயிற்சி செய்பவர்களிடம்தான் இந்தக் குறைவு பெரிதாகத் தெரிந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்த ஓட்டக்காரன் எனக்கு அப்போதுதான் புரிந்தான். சர்க்கரை நோய் இல்லாத குடும்பத்தைத் தேட வேண்டியிருக்கும் நம் ஊர்களில், இது சிறிய செய்தி அன்று.

இவை பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள். ஆனால் 13 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. அது பெரியவர்களின் தேவையைவிட அதிகம்.

‘சீக்கிரம் படுக்கட்டுமே’ என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். செல்போன் இரவைத் தின்பதை நானும் மறுக்கவில்லை. பத்து மணிக்கு மேல் அதை வாங்கி வைக்கும் பெற்றோரைப் பாராட்டுகிறேன். ஆனால் பருவ வயதில் தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குவதால், அவர்கள் நினைத்தாலும் ஒன்பது மணிக்குக் கண் சொக்காது. ஆகவே காலையைத்தான் தள்ளிவைக்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நாமோ விடியுமுன் பிள்ளையைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்க வைக்கிறோம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில் சிறப்பு வகுப்புக்குக் கால அட்டவணை போடும் தலைமையாசிரியர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: எட்டு மணிக்கு முன் வகுப்பு வேண்டாம், மாலையில் வகுப்பு வைத்தால் காலை வகுப்பை விட்டுவிடுங்கள், வாரத்துக்கு இரண்டே முறை வரும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் வேதியியலுக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெற்றோரும் டியூஷனில் சேர்க்குமுன், பிள்ளை இரவு வீடு திரும்பும் நேரத்தையும் காலையில் எழும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் போக எட்டு மணி நேரம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சவில்லை என்றால் அந்த டியூஷன் வேண்டாம்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.