கார்லிக் வைன் என்று வேறு கொடியை அனுப்பியது பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்
அனுப்புநர்: கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

ஐயா, வணக்கம்.

இந்தக் கடிதத்தையாவது யாராவது கடைசி வரை படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இதற்கு முன்னால் உங்கள் ஆப்பில் எழுதினேன், மெயில் போட்டேன், வாட்ஸப்பில் படம் அனுப்பினேன், போனிலும் பேசிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு புகார் எண் கொடுத்தீர்கள். எண்ணுக்கு ஒன்றும் குறைவில்லை. பதில்தான் வரவில்லை.

போன ஆடியில் உங்களிடம் கார்லிக் வைன், அதாவது பூண்டு வாசக் கொடி, கன்று ஒன்று வாங்கினேன். 349 ரூபாய், கூரியர் செலவு தனி. கோவையில் உறவுக்காரர் வீட்டுக் காம்பவுண்டு சுவரில் அந்தக் கொடியைப் பார்த்ததிலிருந்து ஆசை. ஒரே கொத்தில் இன்று மலர்ந்த பூ கருநீலமும் ஊதாவும் கலந்து நிற்கும், முந்தாநாள் பூத்தது வெளிறிய ஊதாவாக இருக்கும், உதிரப் போவது கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். தையில் மகளுக்கு நிச்சயம் வைத்திருந்தோம். வாசலில் அந்தக் கொடியை ஏற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்லி ஜிஐ பைப்பில் வளைவு அடித்து நிறுத்தினோம். ‘நட்ட நான்காம் மாதம் பூக்கும், பாம்பு அண்டாது’ என்று நீங்கள் விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். பாம்புக் கதையை நான் நம்பவில்லை, இந்தப் பக்கம் வயலில் பாம்பு வருவது வரத்தான் செய்யும். பூவை நம்பினேன்.

கன்று வந்த வாரமே இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தேன். பச்சை வாசம்தான் அடித்தது, பூண்டு வாசம் துளியும் இல்லை. உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பூண்டில் இருக்கும் அதே கந்தகச் சத்து இந்தக் கொடியின் இலையிலும் இருக்கிறது. கசக்கினால் வாசம் விரலில் ஒட்டிக்கொள்ளும். சின்னக் கன்றின் இலைக்கும் அந்த வாசம் உண்டு. இதைக் கேட்கத்தான் முதலில் போன் செய்தேன்.

எடுத்தவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அம்மா, உங்களுக்குப் பூ பாக்கணுமா, ரசம் வெக்கணுமா? ரசம்னா மளிகைக் கடையில கால் கிலோ பூண்டு வாங்கிக்கங்க.” பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் கோபத்தை அடக்கிக்கொண்டு, “சரிங்க தம்பி, வாசம் எப்போ வரும்?” என்று கேட்டேன். பூத்த பிறகுதான் வருமாம்! கார்லிக் வைன் விற்கிற கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர் சொல்கிற பதிலா இது?

அப்புறம் பேசியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றார். இன்னொருவர் வெயில் போதவில்லை என்றார். கொடி நிற்பது தெற்கு பார்த்த வாசலில், காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் அடிக்கிற இடம். குழி எடுத்து, செம்மண்ணில் மக்கிய சாணமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, தண்ணீர் தேங்காமல் மேடு கட்டித்தான் நட்டேன். இன்னொரு அம்மணி, சின்னக் கன்றில் இலை வேறு மாதிரித்தான் இருக்கும், பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, பூக்கிறதுக்கு டானிக் என்று 299 ரூபாய்க்கு ஒரு பாட்டிலும் என் தலையில் கட்டினார். பொறுத்தேன். ஐப்பசி மழை பெய்தது. அதற்குப் பிறகு அந்தக் கொடி போன போக்கு இருக்கிறதே!

வளைவை மூடியது, கேபிள் ஒயரைப் பிடித்தது, அங்கிருந்து முருங்கை மரத்துக்குத் தாவியது. முருங்கைக் கிளை சும்மாவே ஒடியும். கொடியின் பாரம் தாங்காமல் பெரிய கிளை முறிந்து ஓட்டின் மேல் விழுந்தது. தெருவுக்கே காய் கொடுத்த மரம், இன்றைக்கு மொட்டையாக நிற்கிறது. அந்த மரத்துக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் ஈடாகாது.

சத்தி ரோட்டில் நர்சரி வைத்திருக்கும் ஒருவரிடம் இலையைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: “இது தன்பெர்ஜியாங்க அம்மணி. கார்லிக் வைன்ல ஒரு காம்புல ரெண்டு இலை வரும், நடுவுல பற்றுக்கம்பி நீளும். இதுல பாருங்க, காம்புக்கு ஒரே இலை, ஓரமெல்லாம் பல்லு பல்லா இருக்குது.” தடவிப் பார்த்தேன், சொரசொரப்பாக இருந்தது. பற்றுக்கம்பி எங்கேயும் இல்லை, தண்டே சுற்றிச் சுற்றி ஏறியிருக்கிறது. ஒரு நிமிடத்தில் அவர் கண்டுபிடித்ததை, வாட்ஸப்பில் நான் அனுப்பிய அத்தனை படங்களையும் பார்த்து உங்கள் ‘தோட்டக்கலை நிபுணர் குழு’ கண்டுபிடிக்கவில்லை. பார்த்தார்களா என்பதே சந்தேகம்.

இந்தத் தன்பெர்ஜியா வடகிழக்கு இந்தியா, மியான்மர் பக்கத்துக் காட்டுக்கொடி. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதைக் களை என்று அறிவித்து அழிக்கப் பாடுபடுகிறார்கள். மண்ணுக்குள் கிழங்கு விடும். மேலே எவ்வளவு வெட்டினாலும் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். செடி விற்கும் கம்பெனிக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தே அனுப்பினீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெரியாமல் அனுப்பினோம் என்று நீங்களும் சொல்ல முடியாது.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது கோவை கணபதிக்குப் போன அந்தப் பயணம். ‘செடியை வேரோடு எங்கள் கோவை மையத்துக்குக் கொண்டு வந்தால் உடனே மாற்றித் தருவோம்’ என்று உங்களிடமிருந்து வாட்ஸப் வந்தது. தரையில் படர்ந்து வேர் பிடித்திருந்த ஒரு கிளையை மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சத்தி, புளியம்பட்டி, அன்னூர் என்று நின்று நின்று போகிற பஸ். சாக்கை மடியில் வைத்திருந்தேன். அன்னூர் வருவதற்குள் செம்மண் தண்ணீர் இறங்கிச் சேலை முந்தானை காவி நிறமாகிவிட்டது, இன்றுவரை அந்தக் கறை போகவில்லை. கணபதியில் இறங்கித் தேடிக் கண்டுபிடித்தால், பாதி ஷட்டர் இறக்கிய குடோன் அது. உள்ளே தென்னைநார்க் கட்டிகளும் தொட்டிகளும்தான் அடுக்கியிருந்தன. “இங்க செடி மாத்தறதெல்லாம் இல்லீங்க்கா, எங்களுக்கே யாரும் சொல்லலை” என்றான் அங்கிருந்த பையன். பாவம், குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். உங்கள் நிறுவனத்திலிருந்து எனக்குக் கிடைத்த உதவி அந்த ஒரு சொம்புத் தண்ணீர்தான்.

அங்கே நின்றபடியே உங்கள் எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் அதே ரசக்காரர். குரலிலேயே தெரிந்தது. நான் பேர் சொன்னதும், போனை மூடக்கூட இல்லாமல், “பூண்டம்மா மறுபடி லைன்ல” என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். என் காதில் தெளிவாக விழுந்தது. அப்புறம், 7 நாள் தாண்டினால் மாற்றுவது கம்பெனி விதியிலேயே இல்லை என்று வைத்துவிட்டார். பேசியதைப் பதிவு செய்கிறோம் என்று ஆரம்பத்திலேயே ஒரு குரல் சொல்கிறதல்லவா, அந்தப் பதிவை நீங்களே எடுத்துக் கேளுங்கள்.

நிச்சயத்தன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சம்பந்தி வீட்டார் வந்து இறங்கும்போது வாசலில் பூவைக் காணோம், பச்சை இலைக் காடுதான். விருந்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தனார், “ஏனுங் நங்கை, பூண்டு வாசம் தூக்குதே, பந்தல்லிருந்துங்களா, ரசத்துலிருந்துங்களா?” என்று கேட்க, பந்தியே சிரித்தது. அவர் வேடிக்கைக்குத்தான் கேட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இனி என் ஆயுசுக்கும் எந்த விசேஷத்திலும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஊருக்கு முன்னால் எங்கள் குடும்ப மானத்தையே வாங்கிவிட்டது உங்கள் கம்பெனி.

பணம் திருப்பித் தருகிறோம் என்று போன வாரம் ஒரு மெயில் வந்தது. சந்தோஷப்பட்டுத் திறந்தேன். ‘செடியை, வந்த அதே கவரில், அதே தொட்டியோடு பேக் செய்து அனுப்பவும்’ என்று இருந்தது. வந்த கவர் ஒரு முழ நீளம். கொடி இப்போது ஓட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டுக் கொட்டகை வரைக்கும் போயிருக்கிறது. எப்படி பேக் செய்வது என்று படம் வரைந்து அனுப்புங்கள், செய்கிறேன்.

சரி, எனக்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்கிறேன். கன்றுக்கும் கூரியருக்கும் டானிக்குக்கும் கொடுத்த பணம் முழுவதும் வேண்டும். பைப் வளைவு, ஓடு மாற்றிய கூலி, முருங்கை மரம், கோவை போய் வந்த செலவு, எங்கள் மனவேதனை எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய் வேண்டும். அந்த ரசக்காரர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. பெரிய கம்பெனி, எங்கோ ஒரு லேபிள் மாறியிருக்கலாம், பெரிய மனது பண்ணிச் சரிசெய்தால் நானே நாலு பேரிடம் நல்லபடியாகச் சொல்வேன்.

இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆரம்பிப்பேன். 2020 இணைய வணிக விதிகளின்படி உங்கள் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். விளம்பரத்தில் சொன்னது ஒன்று, அனுப்பியது ஒன்று என்றால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. உங்கள் 7 நாள் சட்டம் அதற்கு மேலா? வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஈரோட்டில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தெற்கு மையம் இருக்கிறது, இலையைக் கொடுத்து இன்ன கொடி என்று எழுதி வாங்கவும் தயங்க மாட்டேன்.

தயவுசெய்து அதுவரை இழுக்காதீர்கள். இந்தத் தடவை புகார் எண் அனுப்ப வேண்டாம், ஆளை அனுப்புங்கள். வருகிறவர் பகலில் வரட்டும், கடப்பாறையும் மண்வெட்டியும் கொண்டு வரட்டும். கிழங்கு ஒன்றுகூட மிச்சமில்லாமல் தோண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும். முருங்கை வேரில் கை வைக்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் ஆட்கள் ‘பூண்டம்மா’ என்று பெயர் வைத்த வாடிக்கையாளர்