மூச்சு வேகம் கூடினால் மருந்தையும் கூட்டச் சொல்லும் விளக்கத் தாள்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: செல்லப்பிராணிகளுக்கான சில்டெனாஃபில் திரவ மருந்தின் விளக்கத் தாளில் உள்ள ஆபத்தான தவறுகள் குறித்த புகார்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் வீட்டு நாய்க்கு வயதாகிவிட்டது. இதயத்தின் இடப்பக்கத்தில் இருக்கும் மிட்ரல் வால்வு கெட்டு இரத்தம் பின்னோக்கி ஒழுகுகிறது. நுரையீரல் தமனியிலும் அழுத்தம் ஏறியிருக்கிறது. நடந்தாலே மயங்கி விழத் தொடங்கியதால், கால்நடை மருத்துவர் நன்றாக யோசித்து, மிகக் குறைந்த அளவில் உங்கள் மருந்தைத் தொடங்கினார். மருந்தின் தரத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் புகார், பெட்டிக்குள் பொடி எழுத்தில் அச்சிட்டு மடித்து வைத்திருக்கிறீர்களே, அந்தத் தாளைப் பற்றியது.

அதில் இப்படி இருக்கிறது: "இம்மருந்து நுரையீரல் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதால் நுரையீரலில் நீர் சேராது. மூச்சு வேகம் அதிகரித்தால் அளவை இரட்டிப்பாக்கலாம்."

எங்கள் மருத்துவர் சொன்னது இதற்கு நேர் எதிர். நாய் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால் உடனே அழையுங்கள் என்றார். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே ஓர் இரவு அது 48க்குப் போனது. படுக்கவும் முடியாமல், முன்னங்கால் முட்டிகளை வெளிப்பக்கம் அகற்றி, கழுத்தை நீட்டியபடி உட்கார்ந்தே இருந்தது. எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்புறம் நுரையீரல் வெள்ளையாக மங்கியிருந்தது. ஆக்சிஜனும், சிறுநீராக நீரை வெளியேற்றும் ஃபுரோசமைட் ஊசியும் கொடுத்து, உங்கள் மருந்தை நிறுத்திய பிறகே மூச்சு இறங்கியது. மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் உங்கள் உதவி எண்ணையும் அழைத்தேன். எடுத்தவர் அதே தாளை எனக்கு வாசித்துக் காட்டி, "இன்னொரு வேளை கொடுத்துப் பாருங்கள்" என்றார். மருத்துவர் முன்பே எச்சரித்திருக்காவிட்டால் அவர் பேச்சைக் கேட்டிருப்பேன். எல்லோருக்கும் அப்படி ஒரு மருத்துவர் வாய்ப்பதில்லை.

நான் விலங்கு உடலியங்கியல் கற்பிப்பவன். அதனால் உங்கள் வாக்கியம் எங்கே சறுக்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "நுரையீரல் இரத்த அழுத்தம்" என்று ஒரே சொல்லில் இரண்டு இடங்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். உங்கள் மருந்து அழுத்தத்தைக் குறைப்பது தமனியில். நீர் கசிவதோ தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய நாளங்களில். தந்துகிக்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது, இரத்தத்திலுள்ள புரதம் அதை உள்ளே பிடித்து வைக்கிறது என்பதை உடலியங்கியல் அறிஞர் ஸ்டார்லிங் 1896லேயே விளக்கிவிட்டார். தமனிப் பக்கத்துச் சிறு நாளங்கள் சுருங்கியிருக்கும்வரை, அந்தச் சுருக்கம் தந்துகிகளுக்குப் போகும் இரத்தத்தை மட்டுப்படுத்துகிறது. மருந்து அவற்றை விரித்ததும் வலப்பக்க இதயம் கூடுதல் இரத்தத்தை அனுப்புகிறது. ஒழுகும் வால்வால், நுரையீரலிலிருந்து இரத்தம் வந்து சேரும் இதய அறையான இடது ஆரிக்கிள் ஏற்கெனவே நிரம்பி நிற்கும் நாயில் அந்த இரத்தம் எங்கே போகும்? வடிகால் அடைத்துக் கிடக்கும்போது மேல்மதகைத் திறந்துவிட்ட கதைதான். தமனியில் அழுத்தம் குறைந்தாலும் தந்துகியில் ஏறும். நீர் காற்றறைகளுக்குள் இறங்கும்.

எந்த அளவில் இது நடக்கிறது என்பதும் புதிய செய்தியல்ல. கைட்டன், லிண்ட்சே என்ற ஆய்வாளர்கள் 1959இல் நாய்களில் அளந்தார்கள். இடது ஆரிக்கிள் அழுத்தம் ஏறத்தாழ 24 மி.மீ. பாதரசத்தைத் தாண்டியதும் நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியது. இரத்தப் புரதத்தைப் பாதியளவுக்குக் குறைத்தபோது 11லேயே தொடங்கிவிட்டது. அப்படியானால் சிறுநீரகத்தாலோ குடலாலோ புரதத்தை இழந்துகொண்டிருக்கும் நாய்க்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். உங்கள் தாளில் புரதம் என்ற சொல்லே இல்லை. இடப்பக்க இதயநோயால் நுரையீரல் அழுத்தம் ஏறிய நாய்களுக்கு இந்த வகை மருந்தைத் தயங்கித்தான் தர வேண்டும், நீர் கோக்கக்கூடும் என்று கால்நடை இதயநோய் வல்லுநர்கள் 2020 வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறார்கள். அதை உங்கள் நிறுவனத்தில் ஒருவர்கூடப் படிக்கவில்லையா?

"எல்லா விலங்குகளிலும் ஆக்சிஜன் அளவு உறுதியாக உயரும்" என்ற வரியும் அப்படித்தான். காற்று சரியாகப் புகாத பகுதிக்குப் போகும் நாளங்களை நுரையீரல் தானே சுருக்கி, காற்றுள்ள பகுதிக்கு இரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. ஃபான் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்ற ஆய்வாளர்கள் 1946இல் பூனைகளில் இதைக் காட்டினார்கள். நாளத்தை விரிக்கும் மருந்து இந்த ஏற்பாட்டைக் குலைத்தால், காற்றே இல்லாத இடத்துக்கும் இரத்தம் பாயும். ஆக்சிஜன் குறையவும் கூடும். இந்தச் சுருக்கம் மாட்டிலும் பன்றியிலும் வலுவானது, நாயிலும் ஆட்டிலும் மென்மையானது. "எல்லா விலங்குகளும்" என்று எழுதியவர் எத்தனை வகை விலங்குகளை நினைத்து எழுதினாரோ!

இரத்தநாளத்தை விரிக்கும் மருந்து எதுவுமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. இதே ஒழுகும் வால்வுக்கு ஹைட்ரலசின் கொடுத்தால் உடல் தமனிகள் விரிந்து, இரத்தம் முன்னோக்கி எளிதாகப் போய், இடது ஆரிக்கிள் அழுத்தம் இறங்குகிறது. ஆனால் இரத்த அழுத்தம் குறைந்ததை உணர்ந்து சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கத் தொடங்கும் என்பதால், அதற்கும் கண்காணிப்பு வேண்டும். எந்த நாளம் விரிகிறது என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும். உங்கள் தாளோ "மற்ற இரத்தநாள விரிப்பு மருந்துகளுடன் சேர்த்துத் தரலாம்" என்று பொத்தாம்பொதுவாக அனுமதி தருகிறது. நைட்ரேட் வகை மருந்தான நைட்ரோகிளிசரினுடன் சில்டெனாஃபில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். மனிதர்களுக்கான சில்டெனாஃபில் தாளில் இந்த எச்சரிக்கை இருக்கிறது. நாய்க்கு வேண்டாமா?

மருந்தின் விலையை நான் திருப்பிக் கேட்கவில்லை. அளவை இரட்டிப்பாக்கச் சொல்லும் வரியைக் கொண்ட பெட்டிகளை விற்பனையிலிருந்து திரும்பப் பெறுங்கள். புதிய தாளில், தூங்கும்போது மூச்சை எண்ணும் முறையையும், வேகம் கூடினால் அடுத்த வேளை மருந்தைத் தராமல் மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதையும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். நைட்ரேட் எச்சரிக்கையும் இடப்பக்க இதயநோய் எச்சரிக்கையும் அதற்குக் கீழே வரட்டும். உதவி எண்ணில் பேசுபவர்கள் மருந்தளவு பற்றி வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவிடுங்கள். இந்த நிகழ்வைப் பக்கவிளைவுப் புகாராகப் பதிந்து அதன் எண்ணை எனக்கு அனுப்புங்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் இக்கடிதத்தின் நகல் போகிறது.

தாளின் படம், எக்ஸ்ரே, மருத்துவரின் குறிப்பு மூன்றையும் இணைத்திருக்கிறேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற அச்சடித்த பதில் வேண்டாம். உங்கள் கால்நடை மருத்துவ ஆலோசகர் கையெழுத்திட்ட பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்