லொறி இன்னும் மண்ணெண்ணெய்க் கணக்கிலதான் நிக்குது

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சுது. இஞ்ச எல்லாரும் சுகம். காலபோக நெல்லு வெட்டு முடிஞ்சுது. கடைசி மழை ஏமாத்தினாலும் இரணைமடுக் குளத்துத் தண்ணி கைவிடேல்லை. சின்னவள் ஓஎல் சோதினைக்குப் படிக்கிறாள். அக்காவின்ர கால் வீக்கம் இப்ப எப்பிடி? நீ ஒரு வரியும் எழுதேல்லை.

மாமாவின்ர பெட்போர்ட் லொறியைத் திருப்பி மல்லாவிக்குக் கொண்டுவந்திட்டாய் எண்டு வாசிக்கேக்க கண் கலங்கிப்போச்சு. 2002 இல ஏ9 பாதை திறந்த கையோட அவர் அதை வவுனியாவில கொண்டுபோய் நிப்பாட்டினபடியால்தான் அது மிஞ்சினது. எங்கட சனத்தின்ர வாகனங்கள் 2009 இல முள்ளிவாய்க்கால் பக்கம் எரிஞ்சு குவிஞ்சு கிடந்ததை நீயும் பாத்தனிதானே.

சரி, லொறியின்ர வருத்தத்துக்கு வருவம். இழுவை இல்லை, கெதியாச் சூடாகுது, புகை வெளியேறுற மனிபோல்ட் கொதிக்குது, அக்சிலேற்றரை மிதிச்சாலும் சோம்பலா எழும்புது எண்டு எழுதியிருக்கிறாய். காபரேற்றரைக் கழட்டிப்போடாத. இதெல்லாம் ஒண்டாச் சேந்து வந்தால் என்ர முதல் சந்தேகம் ரைமிங், அதாவது பொறி விழுற நேரம், பிந்திக் கிடக்குது எண்டதுதான். லொறி இன்னும் மண்ணெண்ணெய்க் கணக்கிலதான் நிக்குது.

1990 இல வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தாப்பிறகு நாங்கள் ஓடின ஓட்டம் நினைவிருக்கும். பெற்றோல் ஸ்ராட் பண்ண மட்டும், அதுவும் சின்னப் போத்தலில. இஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்தான். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன், அதாவது தானா வெடிக்காமல் தாங்குற தன்மை, குறைவு. பெற்றோலுக்கு வச்ச ரைமிங்கிலேயே ஓடினால், பொறியால பத்தின நெருப்பு போய்ச்சேர முதலே மிச்சம் தானா வெடிச்சு இஞ்சின் இடிக்கும். கனநாள் இடிச்சால் பிஸ்டன் போச்சு. அதுக்காக எங்கட மெக்கானிக்மார், பிளக்குகளுக்குப் பொறியைப் பிரிச்சுக் குடுக்கிற டிஸ்றிபியூட்டரைத் திருப்பி, பொறி பிந்தி விழ வச்சவை. இழுவை குறையும், சூடு கூடும், ஒயிலுக்குள்ள மண்ணெண்ணெய் இறங்கும். ஆனா வண்டி ஓடும், வருத்தக்காரர் ஆசுப்பத்திரி போய்ச் சேருவினம். புத்தகமும் இல்லை, ரைமிங் லைற்றும் இல்லை, காதை வச்சு அந்த எல்லையைப் பிடிச்ச ஆக்கள் அவை. அதுக்கு மேல ஒரு கெட்டித்தனத்தை நான் எந்தக் கராச்சிலயும் பாக்கேல்லை. இப்ப நீ அடிக்கிறது 92 ஒக்ரேன் பெற்றோல். அந்த ரைமிங்கை அப்பிடியே விடுறது இஞ்சினுக்குச் செய்யிற அநியாயம்.

பொறி விழுந்த உடன எல்லாம் எரியாது, நெருப்புப் பரவ நேரம் வேணும். பிஸ்டன் உச்சிக்கு வர முதலே பொறி விழுந்தால்தான், உச்சி தாண்டி ஏறக்குறைய 15 பாகையில அமுக்கம் முழுசா வந்து பிஸ்டனைத் தள்ளும். ஊஞ்சல் ஆட்டுறது போலத்தான்: வரேக்க தள்ளினால் கை நோகும், போனபிறகு தள்ளினால் காத்தைத்தான் தள்ளுவாய்.

முதல்ல டிஸ்றிபியூட்டர் தண்டைப் பிடிச்சு ஆட்டிப் பார். பக்கவாட்டில ஆடினால் தண்டைத் தாங்குற புஷ் தேஞ்சிட்டுது, அதைச் செய்யாமல் மிச்சம் எல்லாம் வீண். பிறகு பொயின்ற் இடைவெளி, பொயின்ற் எண்டால் டிஸ்றிபியூட்டருக்குள்ள திறந்து மூடுற தொடுமுனை. இதை ரைமிங்குக்கு முதலே சரியாக்க வேணும். இடைவெளி கூடினால் பொயின்ற் முந்தித் திறக்கும், ரைமிங்கும் முந்தும்.

பிளக்குகளைக் கழட்டு. முதலாம் சிலிண்டர் ஓட்டையில பெருவிரலை வச்சுக்கொண்டு ஹான்டிலால இஞ்சினைச் சுத்து. காத்து விரலைத் தள்ளேக்க மெல்ல மெல்லக் கொண்டுபோய் ரைமிங் குறியில நிப்பாட்டு. தாண்டிப்போனால் நல்லாப் பின்னுக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் முன்னுக்கு வா. பின்பக்கத்தால வந்து நிப்பாட்டினால் பல்லுகளுக்கிடையில இருக்கிற தளர்வு உன்னை ஏமாத்தும். எத்தினை பாகை எண்டதை அந்த இஞ்சின்ர புத்தகத்தில பார், ஆற்றையும் வாய்க்கணக்கைக் கேளாத. டிஸ்றிபியூட்டருக்குள்ள சுத்துற ரோட்டர் முதலாம் வயருக்கு நேர நிக்க வேணும். மற்ற வயர்கள் 1-5-3-6-2-4 ஒழுங்கிலதானோ எண்டும் பார்.

கொயிலில இருந்து டிஸ்றிபியூட்டருக்குப் போற முனைக்கும் லொறியின்ர பொடிக்கும் இடையில ஒரு சின்ன பல்ப்பைக் கொழுவு. சாவியைப் போட்டு, டிஸ்றிபியூட்டரைத் தளர்த்தி, ரோட்டர் சுத்துற பக்கத்துக்கு எதிராக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பு. பல்ப் பத்துற அந்தக் கணம்தான் பொயின்ற் திறக்கிற கணம். அதிலேயே இறுக்கு.

ஆனா அது தொடக்கம்தான். அந்த இஞ்சின் தேஞ்ச இஞ்சின், முடிவைப் பாதையிலதான் எடுக்க வேணும். எங்கட தட்டை நிலத்தில ஏற்றத்துக்கு எங்க போறது? நெல்லு மூட்டை ஏத்திக்கொண்டு வவுனிக்குளக் கட்டில டொப் கியரிலேயே ஏறிப் பார். மிதிச்ச உடன லேசா ஒரு கிணுகிணுப்பு வந்து அடங்கினால் நல்லது. அடங்காமல் இடிச்சால் ரைமிங்கை ஒரு மயிரளவு பின்னுக்கு விடு. ஒண்டும் கேக்காமல் சோம்பலா ஏறினால் இன்னும் கொஞ்சம் முன்னுக்கு. மகனையும் கூட்டிக்கொண்டு போ, அவனுக்கும் அந்தச் சத்தம் பழகட்டும்.

பொயின்ற் கருகிக் கிடந்தால் உரஞ்சாத. கழட்டி அனுப்பு, இஞ்ச பழைய சாமான் கடையில அதே மாதிரித் தேடித் தாறன். கொண்டென்சரையும் சேத்து மாத்துறது நல்லது. எல்லாம் சரிவந்தால் சனிக்கிழமை லொறியிலேயே வெளிக்கிடு. முறிகண்டியில நிப்பாட்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, பிள்ளையளுக்குக் கச்சானும் வாங்கிக்கொண்டு வா. அக்காவையும் ஏத்திக்கொண்டு வா, கிளிநொச்சி ஆசுப்பத்திரியில காலைக் காட்டுவம்.

அன்புடன்,
உன்ர பள்ளிக்கூடத்துக் கூட்டாளி