குடலைத் தைப்பதற்கு முன் ஒரு நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சினைப்பைப் புற்றுநோயின் அறிகுறிகள் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வயிற்று உப்பசம், இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது என்று எல்லாமே என் அம்மாவுக்கும் இருந்தன. ஆனால் ஆபரேஷனைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது. எங்கள் பாடு தொடங்கியதே அதற்கு அப்புறம்தான்.

இந்த நோய் பல நேரம் சினைப்பையோடு நிற்பதில்லை. வயிற்றின் உள்சவ்வில் பரவி மலக்குடலிலும் ஒட்டிக்கொள்ளலாம். கட்டி எதுவும் மிஞ்சக் கூடாது என்று அந்தக் குடல் துண்டையும் வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் இணைப்பார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தார்கள். ஆறாம் நாள் காலை டிரெயின் குழாயில் வந்த நீர் பழுப்பாகக் கலங்கியிருந்தது, நாற்றம் வேறு. மதியத்துக்குள் குளிர்காய்ச்சல். இணைத்த இடம் கசிந்துவிட்டதாம். அன்றிரவே மறுபடி ஆபரேஷன். மலம் சேர்வதற்காக வயிற்றில் பொருத்திய பையோடு வீடு வந்தார். பையைச் சுற்றித் தோல் வெந்துபோய், தண்ணீர் பட்டாலே துடிப்பார். அதைவிடப் பெரிய கவலை, கீமோ ஐந்து வாரம் தள்ளிப்போனது.

பிறகு வேறோர் ஊரில் ஓர் இளம் மருத்துவர்தான் ஐசிஜி (இண்டோசயனின் கிரீன்) என்ற பச்சைச் சாயத்தைப் பற்றிச் சொன்னார். ரத்தக்குழாயில் ஊசியாகப் போட்டால், சுமார் ஒரு நிமிடத்தில் அகச்சிவப்புக் கேமராவில் ரத்தம் ஓடும் குடல் ஒளிரும். ஓடாத இடம் இருட்டாகவே நிற்கும். ரத்தம் வராத முனையில் தையல் சேராது. அவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். வெறும் கண்ணுக்குக் குடல் முழுவதும் ஒரே இளஞ்சிவப்பு. கேமராவை மாற்றியதும் நடுவில் கோடு போட்டதுபோல் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் கறுப்பு. அறுவை நிபுணர் பச்சைக்குள் இரண்டு விரல் தள்ளி வெட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இது புதிய மருந்தும் அல்ல. அமெரிக்காவில் 1959இலேயே அனுமதி பெற்றது. கல்லீரல் வழியாக வெளியேறிவிடும். அயோடின் ஒவ்வாமை இருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதனால் கசிவே வராது என்று நான் சொல்லவில்லை. மலக்குடல் புற்றுநோய்க்கு ஜப்பானில் நடந்த ஆய்வில் கசிவு 11.8 சதவீதத்திலிருந்து 7.6 ஆகக் குறைந்தது. அமெரிக்க ஆய்வொன்றில் வித்தியாசமே தெரியவில்லை. அம்மாவுக்கு இதைச் செய்திருந்தாலும் கசிந்திருக்கலாம். ஆனாலும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தைத்திருக்கலாமே என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

பித்தப்பை ஆபரேஷனுக்கு வாங்கிய லேப்ராஸ்கோபிக் கேமராக்கள் சிலவற்றிலேயே இந்த வசதி உண்டு. சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்யும் அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் கேமராவும் சாயமும் இருக்க சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். சம்மதப் படிவத்தை நீட்டும்போது, "குடலையும் வெட்ட வேண்டி வருமா? வந்தால் ரத்த ஓட்டத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?" என்று வீட்டார் கேட்கட்டும். நான் கேட்காமல்தான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த முறை உங்கள் மருத்துவப் பக்கத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள், தென்காசி மாவட்டம்