ஜோடி மாறினாலே சண்டைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டென்னிஸ் இரட்டையர் ஜோடி ஒன்று பிரிந்தால் நம் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் என்ன தலைப்பு வரும் என்பதைப் படிக்காமலேயே சொல்லிவிடலாம். 'விரிசல்' இருக்கும், 'முறிவு' இருக்கும். அன்று பணியில் இருக்கும் உதவி ஆசிரியர் கொஞ்சம் துணிச்சல்காரராக இருந்தால் 'விவாகரத்து'கூட இருக்கும். தங்கள் இதழும் இதற்கு விலக்கல்ல. முப்பது ஆண்டுகளாக இந்த ஆட்டத்தைப் பார்த்துவருகிறவன் என்ற உரிமையில் ஒரு சிறு ஆட்சேபம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் ஏற்றிவிட்டது. 1999இல் கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளிலும் இறுதி ஆட்டம்வரை போய், பாரிஸிலும் விம்பிள்டனிலும் கோப்பை வாங்கி, உலகின் முதல் இடத்தைப் பிடித்தவர்கள். அதன்பின் அவர்கள் பிரிந்ததும் சேர்ந்ததும் மறுபடி பிரிந்ததும் நம் வீட்டுக் கதையாகிவிட்டது. 2011 ஜனவரியில் நுங்கம்பாக்கத்தில் அவர்கள் மீண்டும் சேர்ந்து சென்னை ஓபனை வென்றபோது நானும் கேலரியில் இருந்தேன். இருவரும் நெஞ்சோடு நெஞ்சு மோதிக்கொண்டதும், பக்கத்து இருக்கைப் பெரியவர் "சம்பந்திகள் சமாதானமாகிவிட்டார்கள்" என்றார். சமாதானம் அந்த ஆண்டோடு சரி. மறு ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பயஸோடு ஆடமாட்டேன் என்று பூபதியும் சொன்னார், இன்னொரு இந்திய வீரர் ரோஹன் போபண்ணாவும் சொன்னார். கடைசியில் பயஸ் விஷ்ணு வர்தனோடும், மற்ற இருவர் தனி ஜோடியாகவும் போய், இரு ஜோடிகளும் இரண்டாம் சுற்றிலேயே தோற்றுத் திரும்பின. அது சண்டைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் நடந்ததை வைத்துக்கொண்டு ஊரிலுள்ள எல்லா வீட்டுக்குள்ளும் அழுகைச் சத்தம் கேட்கிறது என்று எழுதுவது நியாயமா?

ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனைப் பாருங்கள். 2022இல் சக நாட்டவர் மேக்ஸ் பர்செலோடு விம்பிள்டனை வென்றார். ஐந்தாவது செட்டின் டைபிரேக்வரை போன இறுதி ஆட்டம் அது. விம்பிள்டன் சாம்பியன்கள் ஆயிற்றே, இனி பிரிவார்களா என்றால், அந்த ஆண்டு முடிந்ததும் பிரிந்தார்கள். 2023இல் எப்டனுக்கு இணை நம் போபண்ணா. 2024 ஜனவரியில் மெல்பர்னில் இருவரும் ஆஸ்திரேலிய ஓபனை வென்றார்கள். போபண்ணாவுக்கு அப்போது 43 வயது. ஆடவர் இரட்டையரில் அதுதான் அவருடைய முதல் கிராண்ட்ஸ்லாம், உலக முதலிடமும் கூடவே வந்தது. அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் எப்டன் ஜான் பியர்ஸோடு ஆடித் தங்கம் வாங்கினார். சீசன் முடிந்ததும் போபண்ணாவோடு சேர்ந்து ஆடுவதும் முடிந்தது. பழைய இணை பர்செல் சும்மா இருந்தாரா? ஜோர்டான் தாம்சனோடு விம்பிள்டன் இறுதியில் தோற்று, அடுத்து அமெரிக்க ஓபனை வென்றார். அந்த விம்பிள்டனில் அவர்களை வீழ்த்திய ஹெலியோவாரா, பேட்டன் இருவரும் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இதில் யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று தங்கள் நிருபர்தான் சொல்ல வேண்டும்.

உண்மையில் ஜோடிகளைக் கலைப்பது பெரும்பாலும் கணக்குதான். இரட்டையர் தரவரிசை ஜோடிக்கு அல்ல, ஆளுக்கு. ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது இருவருடைய எண்களையும் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்த ஜோடிகளுக்கே முதலில் இடம். ஆடவர் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் சிறிய போட்டிகளில் மொத்தமே 16 ஜோடிகள். போதாதற்கு, ஒற்றையரில் உயரத்தில் இருப்பவர்கள் அந்தத் தரவரிசையைக் காட்டியும் உள்ளே வந்துவிடலாம். ஒருவர் 40ஆவது இடத்தில், நண்பர் 60ஆவது இடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் முழங்கால் காயத்தில் மூன்று மாதம் படுத்து 120க்குச் சரிந்தால், நூறாக இருந்த கூட்டுத்தொகை 160. நட்பு அப்படியே இருக்கும், போட்டியில் இடம்தான் இருக்காது. விமான டிக்கெட்டும் ஓட்டல் வாடகையும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கைப்பேசியை எடுத்து, "இந்த வாரம் யாரோடு ஆடுகிறாய்?" என்று வேறொருவரைக் கேட்பதைத் தவிர அவர் என்ன செய்வார்? பயஸ் தம் ஆட்ட வாழ்க்கையில் நூறுக்கும் மேற்பட்டவர்களோடு ஜோடி சேர்ந்தவர். அவ்வளவு பேரோடும் சண்டை போட அவருக்கு ஏது நேரம்!

ஒன்றாகவே இருப்பதிலும் லாபம் உண்டு. ஆண்டுக் கடைசியில் எட்டு ஜோடிகள் ஆடும் ஏடிபி இறுதிப் போட்டிக்கு மட்டும் ஜோடியாகச் சேர்த்த புள்ளிகளைத்தான் பார்ப்பார்கள். நடுவில் கலைந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் பல பிரிவுச் செய்திகள் சீசன் முடிகிற நவம்பரை ஒட்டி வருகின்றன. தேதியைப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும்.

அமெரிக்காவின் பிரையன் சகோதரர்களைப் போல ஏன் இருக்கக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்று இடது கை, இன்னொன்று வலது கை என்று இரட்டையராகவே பிறந்து, 16 கிராண்ட்ஸ்லாம் வென்றவர்களை எல்லோருக்கும் அளவுகோலாக்கினால் எப்படி? அந்த மைக் பிரையனே, 2018இல் தம்பி பாபுக்கு இடுப்பில் காயம் பட்டபோது ஜாக் சாக்கோடு ஆடி விம்பிள்டனையும் அமெரிக்க ஓபனையும் வென்றார். அவர்கள் குடும்பத்தில் விரிசல் என்று யாரும் எழுதவில்லை.

எனக்கு வருத்தம் இன்னொன்றிலும் உண்டு. 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவில் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் ஏடிபி பட்டம் வென்றார்கள். இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். நான் பார்த்த தமிழ்ப் பக்கங்களில் அதற்கு மூன்று வரிகூட இல்லை. அதே ஜீவன் 2017இல் போபண்ணாவோடு சென்னை ஓபனை வென்றவர். கோவை ஸ்ரீராம் பாலாஜி பாரிஸ் ஒலிம்பிக்கில் போபண்ணாவின் இணை. ராம்குமார் ராமநாதன் 2022இல் அதே போபண்ணாவோடு அடிலெய்டிலும் புனேயிலும் பட்டம் வாங்கினார். நம் பிள்ளைகள் ஏடிபிக்கு அடுத்த படியான சாலஞ்சர் போட்டிகளில் வாரா வாரம் இணை தேடி அலைகிறார்களே, அதில்தான் இந்த ஆட்டத்தின் உண்மையான பிழைப்பு இருக்கிறது. யார் எந்தப் பக்கம் நின்று ரிட்டர்ன் ஆடுகிறார், புதியவரோடு சேர்ந்ததும் வலையருகே என்ன மாறியது என்று ஒரு பத்தி எழுதினால் படிக்க ஆள் உண்டு. குறைந்தபட்சம் நான் இருக்கிறேன்.

ஜீவன் இந்த வாரம் எந்த ஊரில், யாரோடு ஆடுகிறார் என்பதை இப்போதெல்லாம் பேரனைக் கைப்பேசியில் தேடச் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். அவனுக்கும் தேர்வு நெருங்குகிறது. தங்கள் விளையாட்டுப் பக்கத்தின் கீழ்மூலையில் திங்கள்கிழமைதோறும் நான்கு வரி ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்,
சென்னை-34