பனி ஆந்தைக் கணக்கும் எங்கள் வளவுக் கூகையும்

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் ஞாயிறு மலரில் உலகில் 2 இலட்சத்துக்கு மேல் பனி ஆந்தைகள் (வடதுருவக் குளிர்நிலத்து வெள்ளை ஆந்தைகள்) இருப்பதாக ஒரு குறிப்பு வந்திருந்தது. அது பழைய கணக்கு. இப்போதைய மதிப்பீட்டில் வளர்ந்த பறவைகள் 28,000ஐத் தாண்டா. 2017இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) செம்பட்டியலில் அவை அழிவாபத்துள்ள (Vulnerable) இனமாக வகைப்படுத்தப்பட்டன.

முன்பு கணக்கு ஏன் அவ்வளவு பிழையாய்ப் போனது? பனி ஆந்தை ஓரிடத்தில் நிற்காது. லெம்மிங் என்னும் எலியினம் எங்கே பெருகுகிறதோ அங்கே போய்க் கூடு வைக்கும். நல்ல வருடத்தில் பத்து முட்டையும் இடும். எலி இல்லாத வருடம் ஒன்றும் இடாது. ஒரு வருடம் அலாஸ்காவில் எண்ணியதை அடுத்த முறை வேறொரு கரையில் திரும்ப எண்ணியிருக்கிறார்கள். எங்கள் வாக்காளர் இடாப்பில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்பது போலத்தான்.

எலியை நம்பிய சீவியம் இங்கேயும் உண்டு. எங்கள் வளவில் தலை போன பனையொன்றில் ஒரு சோடிக் கூகை இருந்தது. அடியில் கிடந்த, கூகை கக்கிய உருண்டை ஒன்றை ஈர்க்கால் பிரித்துப் பார்த்தேன்: மூன்று எலி மண்டையோடுகள். சாக்குருவி என்று பக்கத்து வளவுக்காரர் கல்லெறிந்தார். சரி, அதற்கும் தப்பியது. மாசி அறுவடைக்கு முன் வயலில் எலி நஞ்சு வைத்தார்கள். அப்புறம் சத்தமே இல்லை.

பனி ஆந்தைக் கணக்கைத் திருத்தி வெளியிடுங்கள். அப்படியே எலி நஞ்சு பற்றியும் விவசாயப் பக்கத்தில் எழுதுங்கள்.

வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.